துடைப்பம் படாத பாதை

எங்கள் அப்பா மந்தைவெளி வீட்டை இரண்டாகப் பிரித்தபோது முன்பக்கம் அண்ணனுக்கு, பின்பக்கம் எனக்கு என்று எழுதிவைத்தார். கேட்டிலிருந்து முன்வீட்டை ஒட்டியே பின்பக்கம் வரை ஓடுகிற சரளைப் பாதை இருக்கிறதே, அதன் மண் அண்ணனுடையது. அதன் மேல் போய்வருகிற உரிமை மட்டும் என்னுடையது. மனுஷன் எந்த நேரத்தில் உட்கார்ந்து இதை யோசித்தாரோ. மண் ஒருத்தனுக்கு, நடை ஒருத்திக்கு என்று எழுதிவிட்டால் கூடப்பிறந்த பாசம் எங்கே நிற்கும்? அப்பா நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார். நாங்கள் ஒரே கேட்டுக்குள் இருந்துகொண்டு, தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதோடு சரி என்று ஆகிவிட்டோம்.

பாதை ஒரு கார் போகிற அகலம். சிமெண்ட் போட அப்பா கடைசிவரை விடவில்லை. மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்கினால்தான் கிணறு பிழைக்கும் என்பார். அது ஒன்றில் அவரைக் குறை சொல்ல முடியாது. தெருவில் எல்லோரும் வாசலை டைல்ஸ் போட்டு மூடிவிட்டு, கோடையில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று நிற்கும்போது எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கும். ஆனால் பாதையை யாரும் கவனிக்கவில்லை. கார்ச் சக்கரம் ஓடி ஓடி இரண்டு பக்கமும் நீளமாகப் பள்ளம், நடுவில் புல், மேலே முழுக்க உதிரிக்கல். காலை வைத்தால் கல் உருண்டு ஓடும். கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு அது கண்ணில் படாது. எனக்கும் பட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்து ரிட்டையர் ஆனவர். நான் ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பரிண்டெண்டாக இருந்து அவருக்குப் பின்னாலேயே ரிட்டையர் ஆனேன். என் செக்‌ஷனில் ஒரு ஃபைல் தூங்கியதில்லை, ஓர் ஆளும் தூங்கியதில்லை. இனிமேலாவது இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் இருக்கலாம் என்று நான் சந்தோஷப்பட்ட வருஷம், ஐப்பசி மழையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள். கோடை முடிவதற்குள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வெளியே நீளமாக நடந்து பழக வேண்டும், விட்டால் கால் இறுகிவிடும், அப்புறம் கட்டில்தான். எங்கள் பின்வீட்டில் எங்கே நீளமாக நடப்பது? கட்டிலிலிருந்து சமையலறைக்குப் போனால் வீடு முடிந்துவிடும். அவருக்கும் வெளியே போகத்தான் ஆசை. தெருமுனை டீக்கடை பெஞ்சில் தினம் சாயங்காலம் உட்கார்ந்து நாலு பேரோடு பேசுகிற ஆள் அவர். வாய் வராவிட்டாலும் நல்ல கையை நீட்டி வெளியே காட்டி, "கேட்டு, கேட்டு" என்பார். அந்த மனுஷனைச் சொந்தக் காலில் கேட்டைத் தாண்ட வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான்.

அதுவரை செக்கப்புக்குப் போக வேண்டும் என்றால், பள்ளத்தில் மாட்டும் என்று ஆட்டோ உள்ளே வராததால், ஆட்டோக்காரரும் எதிர்வீட்டு வாட்ச்மேனும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். சக்கர நாற்காலி கல்லில் புதைந்து நின்றுவிடும். அண்ணன் போர்டிகோவில் பேப்பரை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள், "இன்னிக்கு சாமி புறப்பாடா? ஆரத்தி எடுக்கணுமா?" என்று கேட்டார். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரரும் சிரித்தார், ஒரு பக்க வாயால். ஆட்டோ கிளம்பியதும் நான் அவரைத்தான் திட்டினேன், அது இளிக்கிற இடமா, ரோஷம் என்று ஒன்று கிடையாதா என்று. அவர் வழி முழுக்க வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தை பிறந்ததும், வலது கை வாக்கரைப் பிடிக்கிற அளவுக்குத் தேறியிருந்ததால், வாக்கரோடு அவரைப் பாதையில் இறக்கினேன். நாலு எட்டு வைத்திருப்பார். வாக்கரின் கால் கல்லுக்குள் புதைந்தது. அவர் இழுத்தார், வரவில்லை. தூக்கி வையுங்கள், தூக்கி வையுங்கள் என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். தூக்கி வைத்தார், கல் உருண்டது, குப்புற விழுந்தார். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. நெற்றியில் பொடிக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. அண்ணி போர்டிகோ தூணைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக் கூட்டிக்கொண்டு வரக் கூடாதா என்றாள். படி இறங்கவில்லை. நான் ஒருத்தியே அந்த உடம்பைப் புரட்டித் தூக்கி உட்கார வைத்தேன்.

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. பாதையைச் செப்பனிடப் போகிறேன், செலவு முழுக்க என்னுடையது, உங்கள் கார் போக வர இடைஞ்சல் இருக்காது என்று என் ஆபீசில் மேலதிகாரியிடம்கூடப் பேசாத குரலில் பேசினேன். அவர் ரிமோட்டைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"நடக்கற உரிமைதானே அப்பா உனக்குக் குடுத்தார்? நடக்க முடியாதவனுக்கு எங்க குடுத்தார்?"

ஒரே வயிற்றில் பிறந்தவர் வாயிலிருந்து வந்த பேச்சு. வேறு நாளாக இருந்தால் அந்த டிவியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். காரியம் ஆகும்வரை கழுதைக் காலையும் பிடிக்கத்தான் வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கெஞ்ச வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டார். சரளை மட்டும்தான் போட வேண்டும், ஒரு சட்டி சிமெண்ட் விழுந்தாலும் வக்கீலைக் கூப்பிடுவேன் என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சரளைப் பாதை என்றால் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவதுதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் நாலு இடத்தில் விசாரித்தேன், போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். வெறும் கல்லைப் போட்டால் அது பாதை இல்லை, ஜல்லிக் குவியல். பெரிய கல், சின்னக் கல், நடுவில் சந்து விடாமல் சிவப்புக் கிராவல் மண்ணும் கல்தூளும் சேர்ந்தால்தான், தண்ணீர் தெளித்து இடிக்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தரையாகும். நடுவில் கொஞ்சம் மேடாகவும் ஓரங்கள் தாழ்வாகவும் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் பள்ளம் விழும், பள்ளம் விழுந்தால் இன்னும் தேங்கும். இவ்வளவுதான் விஷயம்.

வேலைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். முன்பு ஆற்றோரம் குடியிருந்தவர்கள். இப்போது சர்க்கார் அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டது, அங்கிருந்து பஸ் மாறி மாறி வருவார்கள். வந்ததும் பழைய கல்லைக் கிளறிச் சலித்து ஓரமாகக் குவித்தார்கள். பள்ளங்களை அப்படியே மூடாமல், அடியில் கெட்டித் தரை வரும்வரை வெட்டி, கிராவல் மண்ணைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, அவன் திமுசுக் கட்டையால் இடித்தான். அதற்கு மேல் சலித்த கல், அதற்கு மேல் கல்தூள், மறுபடியும் தண்ணீர், மறுபடியும் இடி. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள், இங்கே அடி மேல் அடி அடித்தால்தான் கல் நகராமல் இருக்கும். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நான் நிற்காவிட்டால் ஒருத்தரும் ஒழுங்காக வேலை செய்யமாட்டார்கள், அது என் சர்வீஸில் கண்ட உண்மை.

இடித்து முடித்த பகுதியில் உடனுக்குடன் அவரை நடக்க வைத்தேன். நாளை என்று தள்ளினால் நாள் போய்விடும். வெயில் ஏறிவிட்டது, அவருக்கு மூச்சு வாங்கியது. நான் விடவில்லை. மண் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அந்தச் சித்தாள் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னாம்மா, பெரியவர மாடு மாதிரி ஓட்டிக்கினு கீற? செத்த உக்கார வெய்யி."

எனக்கு வந்ததே ஆத்திரம். கூலிக்கு வந்தவள் எனக்குக் குடும்பம் நடத்தச் சொல்லித்தர வந்துவிட்டாள். வந்த வேலையைப் பார் என்றேன். அன்று சாயங்காலம் அவள் புருஷனுக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் பாதி குடித்துவிட்டு டம்ளரை அவளிடம் நீட்டினான். என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை முடிந்தபோது அழகாகத்தான் இருந்தது. அண்ணன் காரை ஏற்றி இறக்கிப் பார்த்தார், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. வாக்கர் கால் புதையாமல் நின்றது. நடுவழியில் இருக்கிற பாதாம் மரம் வரை அவர் போய்த் திரும்பினார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், மாசி முடிவதற்குள்ளாகவே, கல் மறுபடியும் ஒன்றொன்றாக மேலே எழுந்து உதிர ஆரம்பித்தது. அடியிலே பல் தெரிகிற மாதிரி கெட்டிக்கல் துருத்திக்கொண்டு நின்றது. வாக்கர் ஆட ஆரம்பித்தது. நான் போனைப் போட்டு அந்தப் புருஷன் பெண்டாட்டியைக் கிழி கிழியென்று கிழித்தேன். மண்ணில் ஏமாற்றிவிட்டீர்கள், உருப்படுவீர்களா என்றேன். வந்து பார்க்கிறேம்மா என்றான் அவன். இந்தக் கேட்டுக்குள் காலை வைக்காதே என்று வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது. கேட்டருகில் அண்ணி ரோஜாத் தொட்டி வரிசையாக வைத்திருக்கிறாள். அந்தத் தொட்டிகளுக்குப் பின்னால் பாதாம் இலைக் குப்பையோடு செக்கச்செவேலென்று ஒரு குவியல். கையை விட்டு அள்ளிப் பார்த்தேன். பொடிப்பொடியாக, மாவு மாதிரி என் கிராவல் மண். கல்தூள் முழுக்க அங்கேதான் இருந்தது.

விடிகாலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடாத வீடு வீடே இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் வாசல் என்றால் கேட்டு முன்னால் மட்டும் இல்லை, பாதை முழுக்க வாசல்தான். அம்மா பெருக்கினாள். பாவாடை கட்டிய நாளிலிருந்து நான் பெருக்கினேன், பெண் என்றால் இப்படிப் பெருக்க வேண்டும் என்று தெருவில் பெயர் வாங்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி பெருக்குகிறாள், தென்னந்துடைப்பத்தை அடிமட்டமாகப் பிடித்து, வறட் வறட்டென்று, ஒரு துளி தூசி இல்லாமல். கல்லைப் பிடித்துவைக்கிற தூளைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிச் சுரண்டி வெளியே கொட்டியிருக்கிறோம். மிச்சம் இருந்ததையும் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறோம். காரையும் மழையையும் சொல்லி என்ன, பாதையைத் தின்றது எங்கள் சுத்தம்தான். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, சீ என்றும் ஆகிவிட்டது.

அண்ணியிடம் முதலில் மரியாதையாகத்தான் சொன்னேன். பாதையைப் பெருக்காதீர்கள், இலையை நான் கையால் பொறுக்கிவிடுகிறேன், கேட்டு முன்னால் மட்டும் பெருக்கித் தெளித்துக் கோலம் போடுங்கள் என்று. பெருக்காத வாசலில் மூதேவிதான் வந்து உட்காருவாள் என்றாள். மூதேவி என்று சொல்லும்போது என் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். மறுநாளும் பெருக்கினாள், வேண்டுமென்றே அழுத்திப் பெருக்கினாள். வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு அவள் துடைப்பத்தோடு இறங்கியபோது நான் போய் அதைக் கையிலிருந்து பிடுங்கினேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, சுமங்கலி கைத் துடைப்பத்தைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன். அவள் வீலென்று கத்தினாள். வீட்டுக்கு வர்ற லட்சுமியை விரட்டுகிறாயே, நீ விளங்குவாயா என்று மண்ணை வாரித் தூற்றப் போனாள்.

"லட்சுமி வர்றது இருக்கட்டும் அண்ணி. பெத்த புள்ளையே அமெரிக்காவுலேர்ந்து இந்த வாசலுக்கு வர்றதில்ல. யாருக்காகப் பெருக்கறீங்க?"

அவள் முகம் செத்துப்போயிற்று. துடைப்பத்தை என் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு பாதையில் துடைப்பம் படவில்லை. கேட்டு முன்னாலும் அவள் கோலம் போடுவதை நிறுத்திவிட்டாள். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாளாம். காட்டட்டும். என் மனுஷனுக்குக் கால் வேண்டும், எனக்கு அவள் கோலம் முக்கியமில்லை.

குவியலாகக் கிடந்த தூளை முழுக்க அள்ளிச் சலித்துப் பாதையில் நானே பரப்பினேன். காய்ந்து போனால் தூள் பறக்கும் என்பதால் பூவாளியால் தண்ணீர் தெளித்தேன், வழிந்து ஓடாத அளவுக்கு மட்டும். இரும்புப் பல் வைத்த வாரி ஒன்று வாங்கி, ஓரத்துக்கு ஒதுங்கிய கல்லைத் தினமும் நடுவுக்கு இழுத்துவிட்டேன். சின்னதாகப் பள்ளம் தெரிந்தால் அன்றைக்கே கொத்தி மண் போட்டு இடித்துவிடுவேன். பாதாம் இலை ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கினேன். தெருவில் போகிறவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்து, இந்த அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள். என் இடுப்பு விட்டுப்போயிற்று. யாருக்காக? எனக்காகவா?

அவரையும் விடவில்லை. பாதாம் மரத்தைத் தொட்டால்தான் காலைக் காபி. மரம் பழகியதும், அண்ணன் வீட்டு ஜன்னலைத் தாண்டினால்தான் காபி. வழியில் நின்றால் காபி ஆறிவிடும் என்பேன். காலை இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள், இதுகூடத் தெரியாதா, குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும் என்பேன். நான் சத்தம் போட்டுத்தான் பேசுவேன், என் சுபாவம் அது. அண்ணன் போர்டிகோவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் நடுவழியில் என் வீட்டுக்காரர் ஏதோ குழறித் திரும்பப் பார்த்தார். திரும்பக் கூடாது, போய்விட்டு வந்துதான் எதுவும் என்றேன். அங்கேயே வேட்டி நனைந்துவிட்டது. அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். நானேதான் துடைத்தேன், நானேதான் வேட்டி மாற்றினேன், ஒரு தடவை முகம் சுளித்திருப்பேனா? மாற்றியதும் திரும்பப் பாதையில் இறக்கினேன். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் குழறுவதையும் குறைத்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சியில் கவனம் போதவில்லை என்று அதற்கும் திட்டினேன்.

அவருடைய அக்கா ஒருத்தி அசோக் நகரில் இருக்கிறாள், என் நாத்தனார். தன் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, தரைத்தளத்து ஃபிளாட்டில் தனியாக இருக்கிறவள். பார்க்க வந்தபோது கொஞ்ச நாள் தம்பி என்னோடு வந்து இருக்கட்டுமே, உனக்கும் ஓய்வாக இருக்கும் என்றாள். அவளோடு அனுப்பினால் மெத்தையில் படுக்க வைத்து ஊட்டிவிடுவாள், இத்தனை பாடும் வீணாகிப் போகும். ஊரில் எல்லோருக்கும் கருணை காட்டத் தெரியும், காலைத் தூக்கி வைக்கச் சொல்ல யாருக்கும் துப்பு கிடையாது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பினேன்.

பங்குனியில், கோயில் திருவிழாவுக்காகத் தேரடிப் பக்கம் கூட்டமாக இருந்த நாட்களில் ஒரு காலை, அவர் கேட்டைத் தொட்டார். நான் பின்னால்தான் இருந்தேன், கை கொடுக்கவில்லை. வாக்கரை நிறுத்திவிட்டு இடது கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார். இளநீர் வண்டி போயிற்று, ஸ்கூல் வேன் போயிற்று. போதும், திரும்பலாம், வெயில் ஏறுகிறது என்றேன். அவர் திரும்ப ரொம்ப நேரம் பிடித்தது. அன்று அவருக்குப் பால்பாயசம் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நல்ல முன்னேற்றம். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார். நான் கூடவே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, டீயில் சர்க்கரை போடாதே என்று கடைக்காரரிடம் சொல்லி, அவர் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். பழைய சிநேகிதர்கள் இருந்தார்கள், நான் நின்றதால் அவர்களும் அதிகம் பேசவில்லை. பேசினால் இவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார், கால் மரத்துவிடும். பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து பார்த்து, ஆன்ட்டி, நீங்கள்தான் இவரைக் காப்பாற்றினீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைக் கேட்டு எனக்கு எத்தனை பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

சித்திரையில் ஒரு நாள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்தேன். அவருக்குப் பிடிக்குமே என்று வெள்ளரிப்பிஞ்சு வாங்கியிருந்தேன். வீட்டில் நாற்காலி காலியாக இருந்தது. வாக்கரையும் காணோம். என்னைக் கேட்டால் அந்த நிமிஷம்தான் என் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம். என் துணை இல்லாமல் தானாகவே டீக்கடைக்குப் போயிருக்கிறார், கெட்டிக்காரர் என்று காய்ப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். டீக்கடையில் இல்லை. வரவே இல்லையே என்றார் கடைக்காரர். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு திரும்பினேன். போர்டிகோவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து எந்தக் கிண்டலும் செய்யவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"ஆட்டோ வரவழைச்சு அவரேதான் ஏறினார். அக்கா வீட்டுக்குப் போறேன்னார். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்."

அண்ணனோடு அவர் பேசியே வருஷக்கணக்காகியிருந்தது. உள்ளே வந்து பார்த்தேன். பீரோவில் அவர் வேட்டிகள் இல்லை. மாத்திரை டப்பா இல்லை. இடது கையால் எப்படித்தான் எல்லாவற்றையும் மடித்து வைத்தாரோ. என்னிடம் சொல்லிக்கொள்ள என்ன கேடு? நான் வேண்டாம் என்று சொல்வேன், அதனால்தானே? சொல்லத்தான் சொல்வேன், பெண்டாட்டி சொல்லாமல் பின்னே யார் சொல்வார்கள்?

ஆட்டோ பிடித்து அசோக் நகருக்குப் போனேன். வழி முழுக்க வார்த்தை அடுக்கிக்கொண்டு போனேன், நாத்தனாருக்கு ஒரு பங்கு, அவருக்கு ஒரு பங்கு. கதவைத் திறந்தவள் வழிவிட்டாள். அவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இடது கையால் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷேவ் செய்திருந்தார், முகம் தெளிவாக இருந்தது. மேஜையெல்லாம் சாம்பார் சிந்தியிருந்தது, நாத்தனார் துடைக்கக்கூட இல்லை. இத்தனை நாள் நான் செய்தது என்ன, என் இடுப்பு போனது என்ன, கூடப்பிறந்தவனிடம் நான் பட்ட அவமானம் என்ன, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் இட்லியை மென்று முடிக்கும்வரை கேட்டார். கிளம்புங்கள், சாயங்கால நடைக்கு நேரமாகிறது என்றேன். அவர் தலையை ஆட்டினார். வாயைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். குழறல் இல்லாமல் வர வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நடக்க முடியல. அதான் இருந்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உட்கார இடம் தேடினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, என் வாய் ஒருபோதும் தோற்றதில்லை, அப்போதும் கேட்டேன்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நடந்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? அப்பவே போயிருக்க வேண்டியதுதானே?"

அவர் கோபப்படவில்லை. கணக்குப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப... பகல்ல நீ ஆபீஸ் போய்டுவ."

நாத்தனார் சமையலறைக்குள் போய் மிக்ஸியைப் போட்டாள்.